சந்தேகமே இல்லாத மனிதர்

அத்தியாயம் 14

போன வாரம் அண்ணி சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனதோடு நிறுத்தியிருந்தோம். அதற்குள் நாத்தனார் வானொலியின் மேல் ஏகப்பட்ட பேருக்குக் கோபம். "அந்தப் பெண்ணின் வாயைத் தைத்துவிட்டுக் கதையைத் தொடருங்கள்" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள் அம்மா, நான் அவளைத் தப்பிக்க விடப்போவதில்லை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மூன்று பேர். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக், இருபத்தாறு வருட அனுபவம். அண்ணி மனநல மருத்துவமனையில் சீனியர் நர்ஸ். அண்ணனின் தங்கை மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து நிறுத்தியதில்லை என்பதால் வீட்டில் அவள் பெயர் வானொலி.

ஆறு மாதமாக அண்ணன் சரியில்லை. கூட வேலை செய்கிற நாலு பேர் தன்னைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார்கள் என்கிறார். மூன்றாவது தடவையாகப் போன் நம்பரை மாற்றிவிட்டு அதை அவர் சாப்பாட்டு மேஜையில் சொன்னபோதுதான் வானொலி சிரித்துக்கொண்டே, "அண்ணா, உனக்கு பாரனோயா" என்றாள். அப்போதுதான் தட்டு நங்கென்றது.

அந்த வார்த்தையை அவள் எங்கிருந்து பிடித்தாள் என்று கேட்காதீர்கள். காரணமில்லாமல் எல்லோரையும் சந்தேகிக்கிற மனநோய்க்கு டாக்டர்கள் வைத்த பெயர், இப்போதெல்லாம் காற்றில் கிடக்கிறது. கேஸ் மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தால் பாரனோயா. பாஸ்வேர்டை மாற்றினால் பாரனோயா. மேனேஜர் கூப்பிட்டதும் வயிற்றைக் கலக்கினால் அதுவும் பாரனோயாதான். வானொலி அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது உபயோகித்துவிடுவாள்.

மறுநாள் காலை, சமையலறை. அண்ணன் ஆறரைக்கே கிளம்பிப் போய்விட்டார். அண்ணி யூனிஃபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வானொலி கதவருகே வந்து நின்றாள்.

"அண்ணி, நான் சும்மா வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் அப்படி எந்திரிச்சுப் போனீங்க?"

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நீ சொன்னது சரியா இருக்குமோன்னு பயந்துட்டேன்."

வானொலி உள்ளே வந்து மேடையோரம் நின்றாள்.

"எங்க வார்டுல ஒருத்தர் இருக்கார்," என்றாள் அண்ணி. "தபால்காரரா இருந்தவர். பேப்பர்ல வர்ற வானிலை அறிக்கையைத் தனக்கு வர்ற சேதின்னு படிப்பார். மழை வரும்னு போட்டிருந்தா அன்னிக்கு ஒருத்தன் வர்றான்னு அர்த்தம். எதிர்வீட்டு ஜன்னல் தொறந்திருந்தா அதுக்கொரு காரணம். யாராவது இருமினா அதுக்கொரு காரணம். தற்செயல்னு ஒண்ணு அவர் உலகத்துல கிடையவே கிடையாது. எல்லாத்தையும் எல்லாத்தோடயும் கோத்து வெச்சிருக்கார். ஒரு கண்ணி விடாம."

"பாவம்."

"பாவந்தான். ஆனா முதல் தடவை அவர் அதையெல்லாம் விளக்கிச் சொன்னப்போ எனக்குப் பாவம்னு தோணல. மலைச்சுப் போயிட்டேன். ஒரே மனுஷன், தூக்கம் இல்லாம, யாரோட துணையும் இல்லாம, ஒரு முழு உலகத்தையே கட்டி நிறுத்தியிருக்கார். அதுல ஒரு செங்கல்லை உருவ என்னால முடியல. பதினெட்டு வருஷ சர்வீஸ்ல நான் அப்படி வாயடைச்சு நின்னதில்ல."

அதைச் சொல்லும்போது அண்ணியின் குரலே தாழ்ந்துவிட்டது. ஏதோ பெரிய மலையை அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்த்தவள் பேசுகிற மாதிரி இருந்தது.

"ஊர்ல அதைச் சந்தேக நோய்ங்கறாங்க," என்று தொடர்ந்தாள். "எனக்கு அந்தப் பேரே பிடிக்காது. சந்தேகம்னா இந்தப் பக்கமும் ஆடணும், அந்தப் பக்கமும் ஆடணும். அவனா இருக்குமோ, இல்லையோன்னு. இது ஆடாது. கேள்வியே கிடையாது, பதில் மட்டும்தான். நீயும் நானும் கேஸை ரெண்டு தடவை பாக்கறோமே, மூடியிருந்தா நிம்மதியாப் போயிடறோம். அவங்களுக்கு மூடியிருந்தா, யார் மூடினான்னு ஆரம்பிக்கும்."

"அண்ணனுக்கு அப்படியா?"

"உங்க அண்ணன் தொழிலே யாரையும் நம்பாம இருக்கறது. கரண்டை நிறுத்திட்டேன்னு எவன் சொன்னாலும் நம்பாம, தானே போய் மெயினை இறக்கி, தன் பூட்டை அதுல மாட்டி, சாவியைத் தன் பைல போட்டுக்கிட்டுத்தான் உள்ள எறங்குவார். அதனாலதான் இருபத்தாறு வருஷம் உயிரோட இருக்கார். அவர் சந்தேகப்பட்டா வீட்டுல யாருக்கும் வித்தியாசமாவே தெரியல. எனக்கும் தெரியல பாரு. வார்டுல பாத்திருந்தா ரெண்டே நாள்ல சொல்லியிருப்பேன். வீட்டுல ஆறு மாசம் 'அவர் அப்படித்தான்'னு டீ போட்டுக் குடுத்துட்டிருந்தேன்."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாமே அண்ணி."

"நான் சொல்லணுமே. நான் அதைச் சொன்ன நிமிஷம் அந்த நாலு பேரோட நானும் அஞ்சாவதாச் சேர்ந்துடுவேன். சேர்ந்துட்டா அவ்வளவுதான். அந்தத் தபால்காரர் பொண்டாட்டி வாராவாரம் வர்றா. பதினோரு வருஷமா அவ கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல அவர்." அண்ணி இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். "அவரா வந்தா வரணும். இல்லேன்னா எனக்கு அவர் இல்ல."

மேற்கொண்டு பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டாள்.

வானொலி கடைக்குப் போனாள். லென்ஸைத் தேய்க்கிற மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். கூட வேலை செய்கிற பெண், "என்னடி, இன்னிக்கு ஒலிபரப்பு இல்லையா?" என்று கேட்டதற்கும் சிரிக்கவில்லை.

பத்தரை மணிக்கு அண்ணனின் சூப்பர்வைசர் போன் செய்தார்.

"உங்க அண்ணியை வார்டுல பிடிக்க முடியலம்மா. நீ பக்கத்துலதானே இருக்கே? உடனே வா. பன்னெண்டு மாடிக் கட்டடம். லிஃப்டை நிறுத்திப் பூட்டைப் போட்டுட்டு மெஷின் ரூம் வாசல்ல நிக்கறாரு. யாரையும் கிட்டவிட மாட்டேங்கறாரு. ரோப்பை யாரோ அறுத்திருக்காங்கங்கறாரு. அவர் வாசலை மறிக்கறதுக்கு முன்னாடியே நானும் பாத்தேன், இன்னும் ரெண்டு பேரை வெச்சும் பாத்தேன். புது ரோப்பு, ஒரு கீறல் கிடையாது. பதினொன்றரை வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் போலீஸைக் கூப்பிடறதைத் தவிர வேற வழியில்ல."

இரண்டு தெரு தள்ளித்தான் கட்டடம். வானொலி ஓடினாள்.

கீழே லிஃப்ட் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே விளக்கில்லை. சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். காய்கறிப் பையோடு ஒரு அம்மாள், கைத்தடியோடு ஒரு பெரியவர், போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தயாராக ஒருத்தர்.

"யாரு அந்த மெக்கானிக்?" என்று ஒரு குரல் கேட்டது.

"அது ஒரு பாரனோயா கேஸ் சார்," என்றது இன்னொரு குரல். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவள் வார்த்தைதான். அவள் சொல்கிற அதே தொனி, அதே சிரிப்பு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தன் வாயிலிருந்து போன வார்த்தை, அடுத்தவர் வாயிலிருந்து தன் அண்ணன் மேல் வந்து விழும்போது எப்படி இருக்கும் என்று வானொலிக்கு அப்போதுதான் தெரிந்தது. செருப்பால் அடித்த மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னாள்.

படியேறிக்கொண்டே அண்ணிக்குப் போன் செய்தாள். ஐந்தாவது மாடியில் இணைப்புக் கிடைத்தது. மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நான் கெளம்பிட்டேன்," என்றாள் அண்ணி. குரலில் நடுக்கம் இருந்தது, வார்த்தையில் இல்லை. "நான் வர்ற வரைக்கும் மூணு விஷயம் கேட்டுக்கோ. ரோப்பு நல்லாத்தான் இருக்குன்னு வாதாடாதே. ஆமாண்ணா அறுத்திருக்காங்கன்னு ஒத்தும் ஊதாதே. ரெண்டும் அவரைத் தனியா விட்டுடும்."

"அப்ப என்னதான் பேசறது?"

"பயமா இருக்கான்னு கேளு. அதை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. கேட்டுட்டுச் சும்மா இரு."

வானொலியைச் சும்மா இருக்கச் சொன்னது, மீனை மரமேறச் சொன்ன மாதிரிதான். ஆனாலும் ஏறினாள்.

மொட்டை மாடியில், இரும்பு ஏணி வைத்த சின்ன அறை. அதுதான் மெஷின் ரூம். கிரீஸ் வாசனை. வாசலில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாலு நாள் தாடி. சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"கிட்ட வராதே," என்றார். பிறகு, "நீயா? நீ வா," என்றார்.

அவள் போனாள். அவர் டார்ச் அடித்துக் கப்பியின் மேல் ஓடுகிற இரும்பு ரோப்புகளைக் காட்டினார்.

"நீ லென்ஸ்ல முடி அளவு கீறலைப் பாக்கறவதானே? இதைப் பாரு. இந்த மூணாவது ரோப்பு. உள்இழை அறுந்திருக்கு. நான் உள்ள எறங்கும்போது விழணும்னு அறுத்திருக்கான். அவங்களுக்கு நான்தான் குறி. ஆனா ரோப்பு விழுந்தா நான் மட்டுமா போவேன்? கீழ நாப்பத்தெட்டு வீடு இருக்கு. கைத்தடியோட ஒரு பெரியவர் இருக்கார், தெனம் ரெண்டு தடவை ஏறி எறங்குவார். அவங்க திட்டட்டும். நான் ஓட விட மாட்டேன்."

வானொலி பார்த்தாள். அவள் கண்ணைப் பற்றிக் கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரோப்பு முழுசாக இருந்தது. எண்ணெய் மினுமினுக்க, இழையோடு இழை இறுக்கமாகப் பின்னி, ஒரு பிசிறு இல்லாமல் இருந்தது.

அவள் மலைத்தது ரோப்பைப் பார்த்தல்ல. தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று தீர்மானமாக நம்புகிற ஒரு மனிதர் ஓடிப்போகவில்லை. கீழே நின்று தன்னைத் திட்டுகிறவர்களுக்காக, தூக்கமில்லாத கண்களோடு, கதவை மறித்துக்கொண்டு காவல் நிற்கிறார். நடக்காத ஒரு ஆபத்துக்கு எதிரில் நிஜமான தைரியத்தோடு நிற்கிறார். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் பத்துத் தடவை சொன்ன அந்தப் பெயர் இதற்குப் போதவே போதாது.

'நல்லாத்தானேண்ணா இருக்கு' என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள். 'ஆமாண்ணா' என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்றும் வந்தது. அதையும் விழுங்கினாள்.

"பயமா இருக்காண்ணா?"

அண்ணன் அவளைப் பார்த்தார். டார்ச் அணைந்தது.

வானொலி சும்மா இருந்தாள். ஒரு நிமிடம் இருக்கும். அவள் வாழ்க்கையிலேயே நீளமான நிமிடம் அது.

"ரொம்ப," என்றார் அண்ணன். அப்படியே சுவரில் சாய்ந்து, சறுக்கித் தரையில் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார், டார்ச்சைக் கையில் உருட்டிக்கொண்டே. "டெஸ்டர் வெச்சு கரண்ட் இருக்கான்னு பாக்கறோம்ல, அதுக்கு முன்னாடி டெஸ்டரையே டெஸ்ட் பண்ணணும். அதான் முறை. அது சரியா வேலை செய்யுதான்னு, கரண்ட் உண்டா இல்லையான்னு நமக்கு நிச்சயமாத் தெரிஞ்ச எடத்துல வெச்சுப் பாக்காம, ஒயர்ல கை வைக்கவே கூடாது. புதுசா வர்றவங்களுக்கு நான் முதல்ல சொல்லித்தர்றது அதான்."

"ம்."

"இந்த நாலு பேரும் என்னைக் கொல்லப் பாக்கறாங்கன்னு எனக்குத் தெரியுது. தோணல, தெரியுது. உன்னைப் பாக்கற மாதிரி. ஆனா போன வாரம் எனக்கொரு யோசனை வந்தது. எதை வெச்சு இதைக் கண்டுபிடிச்சேன்? என் தலையை வெச்சு. அந்தத் தலையை நான் டெஸ்ட் பண்ணினேனா?"

வானொலி அவர் பக்கம் திரும்பினாள்.

"அதுக்கு நிச்சயமா கரண்ட் இல்லாத ஒரு எடம் வேணும். மரக்கட்டை மாதிரி. கட்டைல வெச்சும் லைட் எரிஞ்சா, தப்பு கட்டைல இல்ல. என் வாழ்க்கைல அப்படி நூத்துக்கு நூறு நிச்சயமா தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். உங்க அண்ணி."

"அண்ணியையா மரக்கட்டைங்கறே?" என்று அவளையறியாமல் வந்துவிட்டது. அண்ணன் உதட்டோரம் ஒரு கணம் அசைந்தது. ஆறு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

"அவளை வெச்சுப் பாத்தேன். மூணு நாள் ஒளிஞ்சு நின்னு பாத்தேன். அவ போடற டீ, அவ போன், அவ என்னைத் திரும்பிப் பாக்கற விதம்." அவர் டார்ச்சைத் தரையில் வைத்தார். "எரிஞ்சுது. நல்லாப் பளிச்சுன்னு எரிஞ்சுது. அவளும் அவங்களோடதான்னு காட்டுது. டீல ஏதோ கலக்கறான்னு காட்டுது. மூணு நாளா அவ டீயைச் செடில ஊத்தறேன்."

வானொலி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவ அப்படிச் செய்யவே மாட்டா. அது எனக்குத் தெரியும். ஆனா என் தலை செய்யறாங்குது. ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும். அப்படின்னா கோளாறு டெஸ்டர்ல."

"அண்ணா, அதான் உனக்கே தெரிஞ்சுபோச்சே! அப்புறம் என்ன?"

"தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சும் லைட் அணைய மாட்டேங்குது," என்று கையை விரித்தார். "இந்த ரோப்பு அறுந்துதான் தெரியுது எனக்கு. இப்பவும்."

எனக்கு இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது என்பதை மறைக்கப்போவதில்லை. நாமெல்லாம் நம் தலை சொல்வதை அப்படியே நம்பி நாளை ஓட்டுகிறவர்கள். தலையே பொய் சொல்கிறது என்று அந்தத் தலையை வைத்தே ஒரு மனிதர் கண்டுபிடித்திருக்கிறார். எத்தனை பேரால் முடியும்? என்னால் முடியாது.

படிக்கட்டில் காலடிச் சத்தம். பன்னிரண்டு மாடியும் ஏறி, முழங்கால் வலியோடு, யூனிஃபாரம் முதுகில் ஒட்டிக்கொள்ள, அண்ணி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. பக்கத்தில் வரவில்லை. நாலு எட்டுத் தள்ளியே நின்று, இரண்டு கைகளையும் அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் வைத்துக்கொண்டாள். வார்டுப் பழக்கம்.

வானொலியின் கைக்கடிகாரம் பதினொன்று இருபதைக் காட்டியது.

அண்ணன் எழுந்தார். மனைவியின் கைகளைப் பார்த்தார். பையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அன்பு என்று சொல்ல எதுவுமில்லை. எதிராளியை எடைபோடுகிற பார்வை. அண்ணி அதை ஆயிரம் தடவை வேறு கண்களில் பார்த்திருக்கிறாள். இந்தக் கண்களில் பார்த்ததில்லை. அவள் கண் நிறைந்தது. ஆனாலும் கையை எடுத்துத் துடைக்கவில்லை.

"நீயும் அவங்களோடதான்னு என் தலை சொல்லுது," என்றார் அண்ணன்.

"சரிங்க."

"நான் உன்னை நம்பல."

"சரிங்க."

"உங்க டாக்டர் இன்னிக்கு இருக்காரா?"

இருக்கிறார் என்று அண்ணி தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப வர்றேன்," என்றார். "நம்பி வரல. முறைப்படி வர்றேன்."

பூட்டைத் திறக்க மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ரோப்பை வெளியிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்த பிறகுதான் சாவி என்றார். வானொலி கீழே போன் செய்து சூப்பர்வைசரிடம் மன்றாடினாள். "சரி, கூட்டிட்டு வா, இன்ஸ்பெக்டருக்கு நான் ஏற்பாடு பண்றேன்," என்றார் அவர். கொஞ்சம் தயங்கி, "ஆனா ஆபீஸ்லேருந்து அவருக்கு ஒரு லெட்டர் வந்திருக்கும்மா. என் கையிலதான் இருக்கு," என்றார். என்ன லெட்டர் என்று அவள் கேட்பதற்குள் இணைப்புப் போய்விட்டது.

லிஃப்ட் ஓடவில்லை. படிதான். முதுகுக்குப் பின்னால் யாரும் வருவதை அண்ணனால் தாங்க முடியவில்லை. அதனால் வானொலி எல்லோருக்கும் முன்னால் போனாள், நடுவில் அண்ணி, கடைசியில் அவர். அண்ணி இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய், உள்ளங்கை தெரிய விரித்து வைத்துக்கொண்டு இறங்கினாள். அவர் பார்த்துக்கொண்டே வரட்டும் என்று. கைப்பிடியைப் பிடிக்காமல், வலிக்கிற முழங்காலோடு, பன்னிரண்டு மாடி.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் பின்னால் காலடிச் சத்தம் நின்றுவிட்டது.

அண்ணியும் நின்றாள். திரும்பவில்லை. கீழேயிருந்து ஜனங்கள் பேசுகிற இரைச்சல் கேட்டது. சூப்பர்வைசரின் குரலும் கேட்டது. வானொலி கீழ்ப்படியிலிருந்து அண்ணாந்து பார்த்தாள். விரித்த அந்தக் கைகள் மடங்கவில்லை.

"ஒரு நிமிஷம் திரும்பு," என்றார் அண்ணன்.

அண்ணி திரும்பினாள். இருபத்தொரு வருடம் கூட வாழ்ந்த முகத்தை அவர் மறுபடியும் முதலிலிருந்து படித்துப் பார்த்தார். நெற்றியில் ஆரம்பித்து, நிதானமாக, ஒன்று விடாமல்.

"இன்னும் அவங்க ஆளாவேதான் தெரியுற," என்றார். "பரவால்ல. நட."